கைப்பிள்ளைக்காரியின் கையில் என்ன இருக்கிறது?

வந்த கேள்வி இதுதான்: "குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். என் தம்பி மனைவிக்கு 22 வயது, ஐந்து மாதக் கைக்குழந்தை. இரண்டு மூன்று வருஷம் போகட்டும், அடுத்தது இப்போது வேண்டாம் என்கிறாள். தம்பி எதையும் போட்டுக்கொள்ள மாட்டான். எங்கள் அம்மாவோ, சீக்கிரம் இன்னொன்றைப் பெற்று ஆபரேஷனை முடித்துவிடட்டும் என்கிறார். யாரையும் கெஞ்சாமல் அவள் கையிலேயே இருக்கிற மாதிரி ஒரு வழி உண்டா? ஊசி போட்டால் அப்புறம் பிள்ளையே நிற்காது என்கிறார்களே, நிஜமா?"

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம் என்கிறீர்கள். 'பால் கொடுக்கிறாள், இன்னும் குளிக்கவில்லை, அதனால் பயமில்லை' என்று வீட்டில் ஒரு தைரியம் இருக்கும். அந்தத் தைரியத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாதுகாப்பு. காலையில் தோட்டத்துக்குப் போகிறவள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் போவாள். பாட்டி வெந்நீர் கொடுப்பார், பவுடர் பால் கரைத்துக் கொடுப்பார், கொஞ்சம் கஞ்சித் தெளிவும் புகட்டுவார். மூன்றாவது நிபந்தனை அதோடு போயிற்று. இன்னொன்றும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். "குளிக்கவே இல்லையே நர்சம்மா, எப்படி முழுகாம ஆனேன்?" என்று என் எதிரே உட்கார்ந்து அழுத கைப்பிள்ளைக்காரிகள் பலர். ஆகவே அந்தப் பெண் முடிவெடுக்க வேண்டிய நேரம் இந்த மாதம்தான்.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விடிவதற்கு முன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறிப் போய், இருட்டும் நேரத்தில் இறங்கி வருகிற பெண்களுக்குத்தான் என் காலம் முழுக்க ஊசியும் மாத்திரையும் கொடுத்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒன்றை வைத்துத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பெண் உடம்பில் செய்கிற எல்லா முறையும் அவள் கையில் இருக்கிற முறை ஆகிவிடாது. அவள் நினைத்தபோது தொடங்கவும் வேண்டும், நினைத்தபோது நிறுத்தவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வேறு யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறது.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். அரசு நிலையங்களில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடுகிற ஊசி அது. மூன்று மாதத்துக்கு ஒன்று, 150 மில்லிகிராம். பிரசவமாகி ஆறு வாரம் கழிந்த, பால் கொடுக்கிற தாய்க்கும் போடலாம். பால் வற்றாது. 'பிள்ளையே நிற்காது' என்ற பேச்சுக்குக் காரணம் இருக்கிறது. ஊசியை நிறுத்தியதும் அடுத்த மாதமே கரு நிற்காது. கடைசி ஊசியிலிருந்து எண்ணினால் சராசரியாக ஏழு முதல் பத்து மாதம் ஆகும். தாமதம் உண்மை, மலட்டுத்தன்மை பொய். இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் போட நினைக்கிற உங்கள் மதினிக்கு அந்தத் தாமதம் இடைஞ்சலாக இருக்காது. ஆறு மாதம் மட்டும் தள்ளினால் போதும் என்கிறவளுக்கு நான் ஊசியைச் சொல்ல மாட்டேன்.

முதல் சில மாதம் தீட்டு தாறுமாறாக வரும். சிலருக்குப் பத்து நாள் விடாமல் சொட்டுச் சொட்டாகப் படும், சிலருக்கு அடியோடு நின்றுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாத செவிலியர்தான் இந்த ஊசிக்கு முதல் எதிரி. தீட்டு நின்றதும் கெட்ட ரத்தம் வயிற்றில் கட்டிக்கொண்டது என்று பயந்து, ஒரு ஊசியோடு ஓடிப்போவார்கள். ரத்தம் எங்கும் தேங்குவதில்லை. கருப்பையின் உள்பூச்சு மெலிதாகிவிடுவதால் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தியதும் பெரும்பாலும் மீண்டுவிடும். ரத்தக் கொதிப்பு மிகுந்தவர்களுக்கும், காரணம் தெரியாமல் ரத்தம் படுகிறவர்களுக்கும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இது கூடாது. போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும், வீட்டுக்குப் போனதும் பாட்டி வெந்நீர்த் துணியோடு வந்துவிடுவார்.

ஊசிக்கு ஒரு அட்டை கொடுப்போம். அடுத்த தேதி அதில் எழுதியிருக்கும். ஒரு பெண் அந்த அட்டையை பாலித்தீன் பையில் சுற்றி, நூல் கட்டி, சோற்றுத் தூக்கின் மேல்தட்டில் வைத்துக்கொண்டு வருவாள். அந்தத் தூக்கு ஒன்றைத்தான் வீட்டில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். அட்டையை நீட்டும்போது புளிச்சோற்று வாசனை அடிக்கும். ஒரு தடவை தேதி தவறி மூன்று வாரம் கழித்து வந்தாள். நிலையம் திறப்பதற்கு முன்னே ஜீப்பு போய்விடுகிறது, திரும்பி வரும்போது மூடிவிடுகிறார்கள், காய் எடுப்பு நேரத்தில் லீவு போட்டால் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும் என்றாள். நான்கு வாரம் வரை பிந்தலாம் என்பதால் அன்று போட முடிந்தது. அதற்குப் பிறகு வாரத்தில் ஒருநாள் இருட்டோடு ஜீப்பு நிற்கிற இடத்துக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மாத்திரை அட்டை கொடுப்பேன், தேதி நெருங்கியவர்களுக்கு நினைவூட்டுவேன், தெருக்கோடியில் ஒரு வீட்டுத் திண்ணையறையில் ரத்தக் கொதிப்பு பார்த்து ஊசி போடுவேன். எந்த உத்தரவிலும் அந்த வேலை இல்லை. ஆனால் தேதி தவறுகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வளரும் நாடுகளில் கருத்தடை வசதியை விரிவுபடுத்துவது எப்படி என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த முதல் பதில், ஜீப்பு கிளம்புவதற்கு முன்னால் கதவைத் திறப்பது.

இந்த ஊசியில் அவளே போட்டுக்கொள்ளும் வகையும் வந்திருக்கிறது. 104 மில்லிகிராம் மருந்து நிரப்பிய சின்னக் குப்பி, குட்டி ஊசி, தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் அழுத்த வேண்டியதுதான். உகாண்டா, செனகல் போன்ற நாடுகளில் கிராமத்துப் பெண்கள் அதை வீட்டிலேயே போட்டுக்கொள்கிறார்கள். மலாவியில் 731 பெண்களை வைத்து நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், தாங்களே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் ஒரு வருஷம் விடாமல் தொடர்ந்தார்கள், சுகாதார ஊழியரிடம் போய்ப் போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம் பேர்தான் தொடர்ந்தார்கள். மருந்து ஒன்றேதான். நடையும் காத்திருப்பும் கூலி இழப்பும்தான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் இந்தத் தோலடி ஊசியையும், கையில் தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சியையும் முதலில் சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் மட்டும் தொடங்கினார்கள். ஏலக்காட்டுப் பெண்களுக்கு அது வந்து சேருகிற நாளை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன்.

ஊசி பிடிக்காவிட்டால் 'சாயா' மாத்திரை. இந்தியில் நிழல் என்று அர்த்தமாம். மலையாளம் கலந்து பேசுகிற உங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்டதும் டீயைத்தான் நினைப்பார்கள், அதனால் பெயர் மறக்கவே மறக்காது. இதில் ஹார்மோன் கிடையாது. லக்னோவில் நம் விஞ்ஞானிகளே கண்டுபிடித்த மருந்து. 1991-ல் 'சஹேலி' என்று கடைக்கு வந்தது. விற்றது திருவனந்தபுரத்து இந்துஸ்தான் லேடெக்ஸ், நிரோத் உறை தயாரிக்கிற அதே அரசு நிறுவனம். அப்படியிருந்தும் அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்க இன்னும் 25 வருஷம் ஆனது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாம். தீட்டு சில நாள் தள்ளிப் போகும், பயப்பட வேண்டாம். சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் கொடுப்பதில்லை. நாள் மறக்காமல் இருக்க நான் சொல்லித் தந்த கணக்கு: கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று. மூன்று மாதம் போனதும் புதனை விட்டுவிடு, கறி நாளை விடாதே.

தினமும் சாப்பிடுகிற 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரை. 21 கருத்தடைக்கு, கடைசி ஏழும் இரும்புச் சத்து. நல்ல மாத்திரைதான், ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கிறவள் அதைத் தொட வேண்டாம், பால் குறையலாம். ரத்தக் கொதிப்பு பார்க்காமல் யாரும் தொடங்கவும் வேண்டாம்.

கருப்பைக்குள் வைக்கிற காப்பர் டி பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு வகை, பத்து வருஷத்துக்கு ஒரு வகை, இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். உடம்பில் வேறு மருந்து சேராது. எடுத்த மாதமே கரு நிற்கலாம். 'நெஞ்சுக்கு ஏறிவிடும்', 'துருப்பிடிக்கும்' என்பதெல்லாம் வீண் பயம். முதல் சில மாதம் தீட்டு கூடுதலாகவும் வலியோடும் வரலாம் என்பதுதான் நிஜமான தொந்தரவு. ரத்தசோகை கடுமையாக உள்ள பெண்ணுக்கு யோசித்துத்தான் வைக்க வேண்டும், தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களில் அப்படி நிறையப் பேர். வைத்துவிட்டால் ஜீப்பு, தேதி, அட்டை எதுவும் குறுக்கே வராது. ஏலக்காட்டுக்காரிக்கு இதுவே மிகவும் தோதான முறை என்று நினைத்திருந்தேன்.

என் நினைப்பை மாற்றியது ஒரு பெண். பிரசவம் ஆனது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். நஞ்சுக்கொடி விழுந்த கையோடு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் காப்பர் டி வைத்துவிட்டார்கள். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைப்பது நல்ல முறைதான், ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதே எடுத்துச் சொல்லி, அவள் சரி என்றால் மட்டும்தான் வைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்ததே நாலு மாதம் கழித்து, என்னிடம் வயிற்றுவலி என்று வந்தபோது. எடுத்துவிடச் சொல்லி அங்கே போனாள். "அஞ்சு வருசம் ஆகட்டும், புருசனைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு தடவை கூலியை விட்டுவிட்டுப் போய்த் திரும்பினாள். மூன்றாம் தடவை நான் கூடப் போனேன், அன்றைக்கு எடுத்தார்கள். ஜீப்பில் திரும்பும்போது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, எனக்கும் இப்போ பிள்ளை வேணாம்தான். கேட்டிருந்தா நானே சரின்னுருப்பேன்." கேட்காததால் அவள் அப்புறம் எந்த முறைக்கும் வரவில்லை. அடுத்த வருஷமே மறுபடி முழுகாமல் இருந்தாள். எண்ணிக்கைக்காக ஒருத்திக்கு வைத்த காப்பர் டி, அந்தத் தெருவில் பத்துப் பேரை எங்களிடமிருந்து ஓட வைத்தது. உங்கள் மதினி இதைத் தேர்ந்தெடுத்தால் வைப்பதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்: 'வேணாம்னு வந்தா அன்னிக்கே எடுத்துவிடுவீங்களா?'

மற்றவை சுருக்கமாக. பெண்கள் உள்ளே வைத்துக்கொள்கிற உறை நல்லதுதான், விலையும் அதிகம், நம் பக்கம் கிடைப்பதும் அபூர்வம். அவசர மாத்திரை, உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியது, முந்தினால் நல்லது, மாதா மாதம் நம்பியிருக்கக் கூடாது. 2005-லிருந்து இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பக்கம் பல கடைகளில் 'இல்லை' என்பார்கள். அதே மாத்திரை மலைக்கு மேலே கேரளத்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு பெண்ணின் 72 மணி நேரம் ஒரு சோதனைச்சாவடிக்கு எந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து அமையலாமா? இது எனக்குப் பெரிய வருத்தம். நோய்த் தொற்றிலிருந்து காப்பது உறை ஒன்றுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசியும் மாத்திரையும் காப்பர் டியும் கருவைத்தான் தடுக்கும்.

இனி அம்மா சொல்கிற ஆபரேஷன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வயதுப் பெண்களுக்கு அது ஒன்றைத்தான் காட்டினோம். 1952-லேயே அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய முதல் நாடு நம்முடையது. ஆரம்ப காலத்தில் ஆபரேஷன் என்றால் ஆண்களுக்குத்தான். உங்கள் கேரளத்தில், எர்ணாகுளத்தில் 1971 ஜூலையில் நடந்த முகாமில் மட்டும் 63,000-க்கு மேல் செய்தார்கள், ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். பிறகு நெருக்கடி நிலைக் காலத்தில் ஆள் பிடித்துக் கட்டாயமாகச் செய்தது நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. அதற்குப் பிறகு ஆண்கள் பக்கம் போக அரசுகளுக்குத் துணிவில்லை, பாரம் முழுவதும் பெண் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். கல்யாணமான பெண்களில் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 57.8 சதவீதம், கேரளத்தில் 46.6, ஆந்திராவில் 69.6. நாடு முழுவதும் ஆண் ஆபரேஷன் 0.3 சதவீதம். ஊசி 0.6, காப்பர் டி 2.1. இதில் இடைவெளி விட என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லாமல் அடுத்தடுத்து இரண்டு பெற்று, இருபத்தைந்து வயதுக்குள் கதவைப் பூட்டுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அந்த இரண்டு பேறுக்கு நடுவில் உடம்பு தேறாமல், ரத்தம் ஊறாமல் கூடையைச் சுமக்கிறாள்.

ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. போதும் என்று தீர்மானித்தவளுக்கு அது நிம்மதி. ஆனால் அதைத் திரும்ப மாற்றுவது கடினம், அந்த முடிவைப் பெரும்பாலும் வேறு யாரோ எடுக்கிறார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார், அந்த வாரத்து முகாம்களில் பத்துக்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. அரசு நெறிமுறைப்படி, குறைந்தது ஒரு குழந்தைக்காவது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இப்போதைக்கு அந்தப் பேச்சே தேவையில்லை.

ஊசி மேல் பெண்களுக்குச் சந்தேகம் இருப்பதும் நியாயம்தான். 1980-களில் ஹைதராபாத் பக்கம் பட்டன்சேருவில், ஏழைப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லாமலேயே வேறொரு கருத்தடை ஊசியைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்கள் அமைப்பினர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தகவல், சம்மதம், பின்கவனிப்பு மூன்றும் வேண்டும். அவை இல்லாமல் புதுப் புது மருந்தைக் கொண்டுவந்து இறக்குவதை நானும் எதிர்ப்பேன். 2013-ல் கைக்குச்சியின் விலையை 18 டாலரிலிருந்து 8.50 டாலராகக் குறைத்ததும் ஆப்பிரிக்காவில் அது வேகமாகப் பரவியது, சந்தோஷம். ஆனால் அதை வைக்கத் தெரிந்த ஆள் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் எடுக்கத் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும்.

தம்பியையும் அம்மாவையும் பற்றி. ஊசிக்கோ மாத்திரைக்கோ காப்பர் டிக்கோ கணவன் கையெழுத்து தேவையில்லை. ஆபரேஷனுக்குக்கூட அரசு நெறிமுறையில் தேவையில்லை. யாராவது கேட்டால் 'எந்த உத்தரவில் இருக்கு, காட்டுங்க' என்று அமைதியாகக் கேட்கலாம். அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். சொன்னால் அடி விழும் என்றால் ஊசிதான் சரி, தேதி அட்டையை மட்டும் மறைத்து வைத்தால் போதும், வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படாது. அடி விழாத வீடு என்றால் நீங்களே தம்பியிடம் பேசலாம். அக்கா சொன்னால் கேட்கிற தம்பிகள் நம் பக்கம் நிறைய.

ஆதார் தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தில், இருப்பு கேரளத்து இடுக்கியில் என்றால், இரண்டு பக்கமும் எங்கள் கணக்கில் இல்லை என்று விடுகிற ஆபத்தும் உங்களுக்கு உண்டு. அந்தப் பக்கத்து அட்டையோடு இறங்கி வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை, கேரளத்து நர்சுமாரும் எங்கள் அட்டையைப் பார்த்து ஊசி போட்டிருக்கிறார்கள். லயத்துக்கு வருகிற ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் அவள் பெயரைச் சொல்லி வையுங்கள். ஊருக்கு, திருவிழாவுக்கு இறங்கும்போது அட்டையும் கூட வரட்டும். மாத்திரை என்றால் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள்.

காலண்டரை எடுத்து, குழந்தைக்கு ஆறு மாதம் முடிகிற தேதியை வட்டம் போடுங்கள். அதற்கு முன்னால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நீங்களும் மதினியும் சேர்ந்து போங்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போகலாம். முதலில் ரத்தக் கொதிப்பும் ரத்த அளவும் பார்க்கச் சொல்லுங்கள். அவளைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள். கேள்வி கேட்கிறவள் அவளாக இருந்தால் செவிலியரும் அவளைப் பார்த்தே பதில் சொல்வார்.